கூடுகளை எண்ணியவர்

கவிதைக்கென்று கூடும் ஓர் அவையில் பறவையியல் அறிஞர் ஒருவரை நினைவுகூர்வது சிலருக்குப் பொருத்தமற்றதாகத் தோன்றக்கூடும். தமிழ்க் கவிதைக்கு அத்தகைய கூச்சம் தொடக்கத்தில் இருந்ததில்லை. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். அது கவிதையா, பட்டியலா என்று அவரை எவரும் மடக்கியதாகச் செய்தி இல்லை. ஒன்றைப் பெயரிட்டு அறிவதும், எத்தனை என்று எண்ணுவதும், எங்கே எப்பொழுது தோன்றும் என்று காத்திருப்பதும் அன்று புலமையின் பகுதிகளாகவே இருந்தன. குயிலைப் பாடுவதற்குக் குயிலைப் பார்த்திருக்க வேண்டியதில்லை என்ற சலுகை பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. காத்திருந்து எண்ணும் அந்தப் பழைய பழக்கத்தை வேறொரு துறையில் உயிரோடு வைத்திருந்தவர்களுள் ஒருவர் ரவி சங்கரன். சிதார் மேதையின் பெயரோடு இப்பெயரைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர் 1963 ஆம் ஆண்டு பிறந்து, 2009 ஆம் ஆண்டு ஜனவரி 17 ஆம் நாள், 45 ஆம் வயதில் மறைந்த சூழலியலாளர்.

ரிஷிவேலிப் பள்ளியில் பயின்ற இவர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளராகத் தம் பணியைத் தொடங்கினார். முதலில் அவர் எடுத்துக்கொண்ட பறவைக்குத் தமிழில் அழகான பெயர் ஒன்று உண்டு: வரகுக்கோழி. வரகு விளைந்த மானாவாரி நிலங்களில் மக்கள் அதைக் கண்டு பழகியிருந்தார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சான்று. இன்று வரகும் அருகிவிட்டது; கோழி அதற்கு முன்னரே போய்விட்டது. அகராதியில் மட்டும் இரண்டும் சேர்ந்து நிற்கின்றன.

அந்தக் கோழி இனப்பெருக்கத்துக்கு வரும் இடங்கள் மேற்கு, மத்திய இந்தியாவின் புல்வெளிகள். மத்தியப் பிரதேசத்தின் சைலானாவில், 1980-களின் மழைக்காலங்களில், இளைஞர் ரவி சங்கரன் அந்தப் புல்வெளிகளைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மழை விழுந்து புல் உயர்ந்ததும் ஆண் பறவை தன் எல்லையை வகுத்துக்கொள்ளும். பிறகு நின்ற இடத்திலிருந்தே புல்லின் உயரத்தைத் தாண்டி மேலே குதிக்கும். ஒரு கணம் சிறகடித்துத் தோன்றும். மறுகணம் புல்லுக்குள் விழுந்து மறையும். விடியலிலிருந்து அந்தி வரை இவ்வாறு நூற்றுக்கணக்கான முறை. எங்கோ புல்லுக்குள் மறைந்திருக்கும் பெட்டைக்குத் தான் இருக்குமிடம் தெரியட்டும் என்பதற்காகவே இத்தனை பாடு. பார்க்கிறவர் அந்தக் குதியைக் கண்டு வியந்து எழுந்து போய்விடலாம். இவர் எழுந்து போகவில்லை. துத்வா காட்டின் உயர்ந்த புல்வெளிகளில் வரகுக்கோழியின் பெரிய உறவாகிய வங்காளக் கானக்கோழியையும் இதே பொறுமையுடன் பார்த்து, 1991 இல் தம் முனைவர் பட்ட ஆய்வை நிறைவு செய்தார். பறவைக்குப் புல் வேண்டும், புல்லுக்கு மழையும் அறுக்காமல் விட்டுவைக்கும் மனிதரும் வேண்டும் என்ற செய்தியை அவர் புத்தகத்திலிருந்து பெறவில்லை. வரகுக்கோழியின் நிலை பின்னாளில் இன்னும் மோசமாயிற்று. 2021 இல் அது உலகளவில் அழிவின் விளிம்பிலுள்ள பறவைகளின் வரிசையில் சேர்க்கப்பட்டது.

கோயம்புத்தூரில் 1990 இல் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையம் தொடங்கப்பட்டது. ஆனைகட்டி மலையடிவாரத்தில் வளர்ந்த அந்த நிறுவனம் பின்னர் இந்திய வனவிலங்கு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது. ரவி சங்கரனின் வாழ்நாள் பணி அந்த மையத்தைச் சார்ந்தே நடந்தது. ஆனால் அவருடைய காலடிகளைத் தேடுவோர் ஆனைகட்டிக்குப் போவதைவிட அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்குப் போவதே பொருத்தம்.

நிக்கோபாரில் மெகபோட் என்றொரு பறவை வாழ்கிறது. கோழியளவு இருக்கும், அடைகாப்பதில்லை. கடற்கரையை ஒட்டிய காட்டில் மணலையும் பவளத்துண்டுகளையும் இலைதழைகளையும் காலால் வாரிக் குவித்து ஒரு மேடு கட்டும். மேட்டுக்குள் முட்டையிட்டு மூடிவிடும். மக்கும் தழையின் சூடே முட்டையைப் பொரிக்கும். குஞ்சு தானே மண்ணைப் பறித்து வெளிவந்து, தாயையும் காணாமல் தந்தையையும் காணாமல் காட்டுக்குள் ஓடிவிடும். கற்றுக்கொடுப்பதற்கு ஆளே இல்லாத அந்தப் பறவையைப் பற்றி உலகத்துக்குக் கற்றுக்கொடுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் ரவி சங்கரன் தீவு தீவாகச் சென்று கரையோரமாக அந்த மேடுகளைத் தேடி எண்ணினார். நிக்கோபார் தீவுகளில் அப்பணியின் கடுமையை அங்கே போய் வந்தவர்களே அறிவர். சாலையில்லாக் கரை, கழிமுகம், முதலை, மலேரியா, எப்பொழுது வரும் என்று தெரியாத படகு. ஆயிரக்கணக்கான இணைகள் கரையோரங்களில் வாழ்கின்றன என்ற மதிப்பீடு அந்த நடையிலிருந்து கிடைத்தது.

பயனற்ற கணக்கு என்று அன்று யாரேனும் சொல்லியிருந்தால் வியப்பில்லை. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தது. நிலமே தாழ்ந்தது, பெரிய நிக்கோபாரின் தென்முனையில் கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி கடலுக்குள் நின்றது. பறவையின் பெயரையே தாங்கிய மெகபோட் தீவுச் சரணாலயம் நீரில் மறைந்தது. கரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள் கட்டப்பட்ட மேடுகள் அலைக்கு முன் என்ன ஆகும்? அடுத்த சில ஆண்டுகளில் நடந்த கணக்கெடுப்பில், இனப்பெருக்கம் செய்யும் இணைகளில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்துவிட்டது தெரிந்தது. அந்த 70 என்னும் எண்ணை எழுத முடிந்ததற்குக் காரணம், பத்தாண்டுகளுக்கு முன் ஒருவர் எண்ணிவைத்திருந்ததே. முன்னர் எத்தனை என்று தெரியாவிட்டால் பின்னர் எத்தனை போயிற்று என்று யார் சொல்ல முடியும்? ரவி சங்கரனும் அலை அடங்கிய உடனேயே தீவுகளுக்குச் சென்று, சேதத்தை மதிப்பிட்டு எழுதியவர்களில் ஒருவராக இருந்தார். தாம் எண்ணிய மேடுகளைத் தேடி, அவை இருந்த கரையையே காணாமல் திரும்புவது ஓர் ஆய்வாளருக்கு எப்படிப்பட்ட அனுபவம் என்பதைக் கையறுநிலைப் பாடல்களை அறிந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை.

வேறெங்கும் காணக்கிடைக்காத இருவாய்ச்சி ஒன்று வாழும் நார்கொண்டம் என்னும் சின்னஞ்சிறு எரிமலைத் தீவிலும் அவர் ஆய்ந்தார். அதை இங்கே விரித்துச் சொல்லாமல், அவர் பெயரோடு பிரியாமல் நிற்கும் உழவாரக் குருவியிடம் வருவதே நலம்.

உண்ணத்தக்க கூட்டைக் கட்டும் உழவாரன் குகையில் வாழும் சிறு பறவை. இருட்டில் 'டிக் டிக்' என்று ஒலியெழுப்பி, அதன் எதிரொலியால் வழி காண்பது. தன் உமிழ்நீரை இழையிழையாகப் பாறைச்சுவரில் ஒட்டி, வாரக்கணக்கில் உழைத்து, வெண்மையான ஒரு சிறு கிண்ணத்தைக் கட்டும். அதில் இரண்டு முட்டைகள். சீன நாட்டுச் சமையலில் அந்தக் கூட்டுக்குப் பெருமதிப்பு உண்டு. தரமான கூடு கிலோ ஒன்றுக்குப் பல ஆயிரம் டாலர் வரை விலைபோகும். அந்தமானில் அதைப் பெயர்த்தெடுப்பவர்களோ ஏழைகள். கயிறும் மூங்கிலும் கொண்டு குகைச்சுவரில் தொற்றி ஏறுவார்கள். வழுக்கினால் உயிர் மிஞ்சாது.

1990-களின் நடுவில் ரவி சங்கரன் தீவுகளெங்கும் குகை குகையாக நுழைந்து கூடுகளை எண்ணத் தொடங்கினார். அவருக்கு வழிகாட்டக் கூடியவர்கள் யார்? எந்தப் பாறையின் பிளவில் எத்தனை குருவி என்று அறிந்தவர்கள் கூடு திருடுவோர் மட்டுமே. அவர்களிடமே அவர் போனார். அவர்களோடு ஏறினார். சுமார் பத்தாண்டுகளில் அந்தப் பறவை 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிட்டது என்பது கணக்கின் முடிவு. காரணத்தைத் தேடியபோது, பேராசை என்னும் எளிய விடையோடு அவர் நிற்கவில்லை. குகை யாருக்கும் சொந்தமில்லை. இன்று ஒருவன், முட்டை இருக்கிறதே, குஞ்சு பறக்கட்டுமே என்று கூட்டை விட்டுவைத்தால், நாளை இன்னொருவன் அதை எடுத்துவிடுவான். ஆகையால் முட்டையைக் கீழே தள்ளிவிட்டு, முற்றாத கூட்டையும் எல்லோரும் எடுத்தார்கள். குருவி மறுபடி கட்டியது, அதையும் எடுத்தார்கள். இரக்கம் காட்டுகிறவன் ஏமாளியாகும்படி அமைந்திருந்தது அந்தத் தொழில்.

இங்கேதான் அவருடைய துணிவு வெளிப்படுகிறது. காட்டிலாகாவும் அவரது மையமும் சேர்ந்து, வட அந்தமானில் சாலிஸ் ஏக் என்னும் இடத்துக் குகைகளிலும் இன்டர்வியூ தீவின் குகைகளிலும் காவல் போட்டபோது, காவலுக்கு அமர்த்தப்பட்டவர்கள் பழைய கூடு திருடர்களே. குஞ்சுகள் பறக்கும் பருவம் முழுவதும் அவர்கள் குகைவாயிலில் குடிலமைத்துத் தங்கினார்கள். குஞ்சு பறந்துபோன பின் வெறுங்கூட்டை எடுத்து, அந்த வருவாய் அவர்களைச் சேரவேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படை. வெறுங்கூடு குருவிக்கு வேண்டாதது, மனிதனுக்கு வேண்டியது. இந்த இரண்டுக்கும் நடுவில் காத்திருத்தல் ஒன்றே குறையாக இருந்தது. அதைத்தான் அவர் கற்பித்தார். இந்தோனேசியாவில் குருவிகள் தாமே வந்து கூடு கட்டும்படி வீடுகளை அமைத்து வளர்க்கும் முறை நெடுங்காலமாக உண்டு. அதை அந்தமானிலும் பழக்க முடியுமா என்ற முயற்சியும், வேறோர் உழவாரனின் கூட்டில் இதன் முட்டையை வைத்துப் பொரிக்கச் செய்யும் முயற்சியும் தொடர்ந்தன. காவலிருந்த குகைகளில் பறவைகள் பெருகின. காவலில்லாத குகைகளில் சரிவு தொடர்ந்தது.

இந்த நிலையில் 2003 இல் அந்தக் குருவி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. புலிக்குரிய இடம். பறவையை நேசிப்போர் கைதட்டியிருக்க வேண்டிய செய்தி. ஆனால் அதன்படி வெறுங்கூட்டைத் தொடுவதும் குற்றமாயிற்று. குகைவாயிலில் காத்துக் கிடந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட உறுதி காற்றில் போனது. பறவையின் பெயரால் வந்த சட்டம் பறவைக்கே பகையாகுமென்று ரவி சங்கரன் வாதாடினார். பறவைக்காக வாழ்ந்த ஒருவர், அதைப் பாதுகாக்கப்பட்ட பட்டியலிலிருந்து நீக்குங்கள் என்று கேட்பது எளிதான நிலையன்று. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வணிகனின் குரலாகவே கேட்கும். இந்த வாதத்தில் முழு உடன்பாடு இல்லாதவர்கள் அன்றும் இருந்தார்கள். உயிரினத்துக்கு விலை வைத்துக் காப்பாற்றினால், விலை சரியும் நாளில் என்ன ஆகும் என்ற அவர்களுடைய ஐயம் தள்ளத்தக்கதன்று. எனினும் குகைக்குள் ஏறியவர் சொன்னதற்கு ஒரு கனம் உண்டு. கடைசியில் 2009 இல் அந்தப் பறவை அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. அதைக் காண அவர் இருக்கவில்லை.

2008 இல் அவர் தம் மையத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றிருந்தார். சில மாதங்களே கழிந்திருந்தன. மாரடைப்பு. நாற்காலியில் அமர்ந்த அந்தக் குறுகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை; நாற்காலிக்கு முந்திய இருபதாண்டுகளைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. மெகபோட்டைப் பற்றி முனைவர் பட்டம் பெற்ற மாணவர் ஒருவரே பிற்பாடு ஆழிப்பேரலைக்குப் பின் அந்த மேடுகளை மறுபடி எண்ணச் சென்றார். உழவாரனை ஆய்ந்த மாணவர் ஒருவர் குகைப் பணியைத் தொடர்ந்தார். ஆசிரியர் மறைந்த பின்னரும் ஆய்வுக் கட்டுரைகளில் மாணவர் பெயருக்கு அருகே அவர் பெயர் அச்சாகி வந்தது. ஏட்டில் பெயர் வராத மாணவர்களோ குகைவாயிலில் இருந்தார்கள். எழுதப் படிக்க அறிந்தோரும் அறியாதோருமாய், தாம் நேற்று வரை கொள்ளையிட்ட கூட்டில் குஞ்சுக்கு இறகு முளைத்துவிட்டதா என்று பார்க்கப் பழகிக்கொண்டவர்கள். ஆசிரியர் என்ற சொல்லை அவருக்கு வழங்க அவர்களுக்கே முதல் உரிமை.

பெரிய நிக்கோபாரின் தென்கோடியில் கலாத்தியா விரிகுடா இருக்கிறது. தோணி ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணற்கரை அது. மெகபோட் மேடுகளும் உள்ள கரை. 1997 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அந்த இடத்தின் தகுதி, துறைமுகத் திட்டத்துக்காக 2021 இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் கரையைப் பற்றி எழுந்த வாதங்களில் ஆமைக்காகப் பேசப் பலர் முன்வந்தார்கள். மெகபோட்டுக்காகப் பேச முன்வருவோர், அலைக்கு முன் அப்பறவை எவ்வளவு இருந்தது என்று சொல்ல வேண்டிய இடத்தில், 1990-களில் ஓர் இளைஞர் அந்தக் கரைகளில் நடந்து எழுதிய கணக்கையே எடுத்துப் புரட்ட வேண்டியிருக்கிறது.