சங்கிலியை அவிழ்த்துவிட்டுப் பேசுவோம்



பின்னால் கைப்பேசியும் கையுமாக நிற்கிற இளைஞர்களே, உங்கள் கைப்பேசியிலிருந்தே தொடங்குகிறேன். பேய் பங்களா, ஆவியோடு பேசிய பெண், விஞ்ஞானிகளுக்கே விடை தெரியாத மர்மம். இரவு 11 மணிக்கு மேல் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்க்கிறீர்கள். பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பார்க்கிறபோது ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இந்தக் கதையில் அலறுகிற ஆள் யார்? அந்த ஆளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

உலகமே பார்த்து நடுங்கிய ஒரு பேய்ப் படம் 2005இல் அமெரிக்காவில் வந்தது. 'எமிலி ரோஸ்' என்ற பெண்ணுக்குப் பேய் ஓட்டிய கதை. எமிலி ரோஸ் என்று யாரும் இல்லை. ஆனால் ஆன்னலீஸ் மிஷெல் என்று ஒரு பெண் ஜெர்மனியில் இருந்தார், படிக்கிற பெண். 16 வயதில் அவருக்கு வலிப்பு வந்தது. வைத்தியம் நடந்தது, மாத்திரையும் கொடுத்தார்கள். பிறகு குரல்கள் கேட்கின்றன என்றார், உருவங்கள் தெரிகின்றன என்றார். வீட்டில் பேய் என்று முடிவு கட்டினார்கள். இரண்டு பாதிரியார்கள் வந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, 67 முறை பேய் ஓட்டினார்கள். அந்தப் பெண் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். 1976 ஜூலை 1ஆம் தேதி இறந்தபோது வயது 23, உடல் எடை ஏறக்குறைய 30 கிலோ. பட்டினியும் நீரிழப்பும்தான் காரணம். 1978இல் பெற்றோரும் இரண்டு பாதிரியார்களும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் மருத்துவரைக் கூப்பிட்டிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று அரசுத் தரப்பு வாதாடியது. தோழர்களே, அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் கொடியவர்கள் அல்ல. மகளை உயிராக நேசித்தவர்கள். அதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கிற செய்தி.

"விஞ்ஞானத்துக்கு எல்லாம் தெரியுமா? விளக்க முடியாதது எவ்வளவோ இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இதைக் கேட்காத ஊர் கிடையாது. சரி, நேரடியாகவே பதில் சொல்கிறேன். ஆமாம், தெரியாதது இருக்கிறது. நன்றாக இருந்த ஓர் இளம்பெண், சில வாரங்களுக்குள் தூக்கம் தொலைக்கிறாள், கத்துகிறாள், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்கிறாள், கை கால் முறுக்கிக்கொள்கிறது, வாய் தானாகக் கோணிக் கோணி அசைகிறது, வலிப்பு வருகிறது, பிறகு பேச்சு நின்றுபோகிறது. கோடாங்கிக்கு இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? இது என்ன நோய் என்று 2007 வரை மருத்துவ உலகத்துக்கே சரியாகத் தெரியாது. ஹோசெப் டால்மாவ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும்தான் அந்த ஆண்டு கண்டுபிடித்தார்கள். உடம்பின் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி மூளையைத் தாக்குகிற நோய் அது. பல பெண்களுக்குச் சினைப்பையில் இருக்கிற ஒரு கட்டி அதைத் தூண்டிவிடுகிறது. கட்டியை எடுத்து, எதிர்ப்பு சக்தியை அடக்குகிற மருந்து கொடுத்தால் பெரும்பாலானவர்கள் தேறுகிறார்கள்.

2009இல் நியூயார்க்கில் சுசானா கஹாலன் என்ற இளம் பத்திரிகையாளருக்கு இந்த நோய் வந்தது. பரிசோதனைக்குமேல் பரிசோதனை, எதிலும் கோளாறு தெரியவில்லை. குடி என்றார்கள், மனக்கோளாறு என்றார்கள். கடைசியில் சுஹேல் நஜ்ஜார் என்ற மருத்துவர் வந்தார். கையில் ஒரு தாளைக் கொடுத்து, "கடிகாரம் வரைந்து காட்டுங்கள்" என்றார். வட்டம் போட்டு 12 எண்களையும் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதிவைத்தார் அந்தப் பெண். இடப்பக்கம் காலி. இது மனசில் இல்லை, மூளையின் ஒரு பாதி வீங்கிக் கிடக்கிறது என்று அந்தத் தாளை வைத்தே மருத்துவர் கண்டுகொண்டார். கஹாலன் குணமானார். திரும்ப வேலைக்குப் போனார். தன் கதையைப் புத்தகமாகவே எழுதினார்.

விடை தெரியாத இடத்தில் ஒருவர் தாளையும் பேனாவையும் கொடுத்துத் தேடினார். விடை தெரியாத அதே இடத்தில் இன்னொருவர் வேப்பிலையை எடுக்கிறார். தெரியாது என்பதை நான் மதிக்கிறேன், ஐயா. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த மூச்சிலேயே முனி என்று சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

தூக்கத்தில் நெஞ்சின்மேல் ஏறி அமுக்குகிற அமுக்குவான் பேயைப் பற்றியும் கேட்பீர்கள். கனவு காணும்போது நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை கை கால்களைச் செயலற்று வைக்கிறது. அந்தக் கட்டு அவிழும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், விரல் அசையாது, கனவு பாதி கண்ணெதிரே நிற்கும். சில நொடிகளிலிருந்து சில நிமிடங்களுக்குள் போய்விடும். பேய் வீட்டுக்கும் ஒன்று சொல்கிறேன். 1921இல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தின் கதையைப் பதிவு செய்தார். புது வீட்டுக்குக் குடிபோனதிலிருந்து காலடிச் சத்தம், கட்டிலருகே உருவங்கள், தலைவலி, பிள்ளைகள் வாடிப்போகிறார்கள், செடிகூடப் பட்டுப்போகிறது. தேடிப் பார்த்தால் வீட்டைச் சூடாக்கும் அடுப்பு பழுதாகிக் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கசிந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவர்கள் பரிகாரம் செய்துகொண்டு உட்கார்ந்திருந்தால் குடும்பமே பிணமாகியிருக்கும்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். பேய் யாரைப் பிடிக்கிறது? தாய்மார்களே, நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். பஞ்சாயத்துத் தலைவரைப் பிடித்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? வட்டிக்கு விடுகிறவரை? தென்னார்க்காட்டில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபகோவ் 2000இல் வெளியிட்ட நூலில் இதை எழுதியிருக்கிறார். பேய் பிடித்ததென்று கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் புதிதாகக் கல்யாணமான பெண்கள். பிறந்த வீட்டைவிட்டு, தெரியாத ஊருக்கு, தெரியாத ஆளோடு வந்த பிள்ளை. வாய் திறந்து "எனக்கு இங்கே இருக்கப் பிடிக்கவில்லை" என்று சொன்னால் அடி விழும். பேய் சொன்னால் ஊரே கைகட்டி நின்று கேட்கும். அந்த ஒரு நாள்தான் அவள் பேச்சுக்கு மதிப்பு. அதையும் உடுக்கை அடித்து, முடியைப் பிடித்து உலுக்கி, உச்சி முடியை அறுத்து மரத்தில் ஆணி வைத்து அறைந்து அடக்கிவிடுகிறோம். பேய் போய்விட்டது என்று கும்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகிறோம். அந்த வீட்டில் என்ன மாறியிருக்கிறது?

இது எந்த ஒரு மதத்தின் குறையும் இல்லை. மனநிலை சரியில்லாதவர்களைக் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். புளியம்பட்டி அந்தோணியார் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். ஏர்வாடி தர்காவுக்கு எல்லா மதத்தவரும் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கையில் காசில்லாமல், பக்கத்தில் மருத்துவர் இல்லாமல், அக்கம்பக்கத்தார் ஏச்சுத் தாங்காமல் கடைசிப் பேருந்தைப் பிடித்துப் போகிறவர்கள் அவர்கள்.

ஏர்வாடியில் என்ன நடந்தது என்று இங்கே இருக்கிற 25 வயதுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்தே ஆகவேண்டும். 2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. இராமநாதபுரம் மாவட்டம், ஏர்வாடி. தர்காவைச் சுற்றி மனநலக் காப்பகம் என்ற பெயரில் தனியார் கொட்டகைகள். குடும்பத்திடம் பணம் வாங்கிக்கொண்டு நோயாளியைச் சங்கிலியில் பிணைத்து வைப்பார்கள். கனவில் உத்தரவு வரும்வரை அவர் அங்கேயே கிடக்க வேண்டும். அப்படி ஒரு கீற்றுக் கொட்டகையில் அன்றைக்குத் தீப்பிடித்தது. உள்ளே 40க்கும் மேற்பட்டவர்கள். கீற்று எரிய எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். எழுந்து ஓடலாம், வாசல் இருக்கிறது. காலில் சங்கிலி இருக்கிறது. 28 பேர் எரிந்து செத்தார்கள்.

28 பேர். பேய் கொல்லவில்லை. பில்லி சூனியம் கொல்லவில்லை. மாத்திரை கொடுத்திருந்தால் தேறியிருக்கக்கூடிய மனிதர்களைப் பேய் பிடித்தவர்கள் என்று நம்பி, ஓடிவிடக்கூடாது என்று பூட்டிய பூட்டு கொன்றது. அந்த மாத்திரை ஒன்றும் புதிதில்லை. மனச்சிதைவுக்கான முதல் மருந்தைப் பாரிஸ் மருத்துவர்கள் 1952லேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் வரலாறு 1794இல் தொடங்குகிறது. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோயாளிகளுக்காகவே ஸ்கார்ப் அமைப்பைத் தொடங்கினார். மருந்து இருந்தது, மருத்துவர் இருந்தார், மருத்துவமனை இருந்தது. அந்த 28 பேருக்கும் மருந்துக்கும் நடுவே 'காத்து கருப்பு' என்ற பேச்சு நின்றது.

அந்தத் தீவிபத்துக்குப் பிறகு ஒரு வாரத்துக்குள் ஏர்வாடிக் கொட்டகைகளை மூடினார்கள். அங்கிருந்த 500க்கும் மேற்பட்ட நோயாளிகள் அரசுப் பொறுப்புக்கு மாற்றப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டது. இன்றைக்கு 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. கோயிலில் மட்டுமல்ல, வீட்டுக் கொல்லையில் கட்டினாலும் கொடுமை கொடுமைதான்.

சாமியை விட்டுவிட்டு வா என்று நான் யாரையும் கூப்பிடவில்லை. குஜராத்தில் உனாவா என்ற ஊரில் மீரா தாதர் தர்கா இருக்கிறது. 2008இல் அங்கே ஒரு வேலை செய்தார்கள். தர்கா ஊழியர்களுக்கே நோயின் அறிகுறிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். தொழுகை முடிந்ததும் அதே வளாகத்தில் மருத்துவர் உட்கார்ந்து மாத்திரை கொடுத்தார். துவாவும் உண்டு, தவாவும் உண்டு. பிரார்த்தனையும் உண்டு, மருந்தும் உண்டு. அதே முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. எங்கே தீப்பிடித்ததோ அதே ஊரில்! இதைத்தான் நான் ஒவ்வொரு கோயிலிலும் கேட்கிறேன். விபூதி வாங்குங்கள், ஓதி ஊதிக்கொள்ளுங்கள், செபம் சொல்லுங்கள். மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்கிறவன் எந்த உடையில் வந்தாலும் அவனை நம்பாதீர்கள்.

இளைஞர்களே, மறைக்கப்பட்ட உண்மை என்று வருகிற செய்திகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2018 மே மாதம். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது, போலீஸ் மறைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவிட்டார்கள். போளூர் அருகே, கோயிலுக்கு வந்த இடத்தில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக ஒரு மூதாட்டியை ஊர்கூடி அடித்துக் கொன்றது. அதே நாட்களில் பழவேற்காட்டில், தன்போக்கில் சுற்றித் திரிந்த ஒரு மனிதரை அடித்துப் பாலத்தில் தொங்கவிட்டார்கள். தான் யார் என்று விளக்கிச் சொல்லக்கூட முடியாத நிலையில் இருந்த மனிதர் என்றுதான் செய்திகள் சொல்லின. பேய் என்று கட்டிப்போடுவதும் சதி என்று அடித்துக் கொல்வதும் எனக்கு வேறு வேறாகத் தெரியவில்லை. இரண்டிலும் யாரும் எதையும் விசாரிக்கவில்லை. இரண்டிலும் செத்தது நாதியற்றவர்.

சட்டம் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகாராட்டிரத்தில் டாக்டர் நரேந்திர தாபோல்கர் மூடநம்பிக்கைக் கொடுமைகளைத் தடுக்கும் ஒரு சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடினார். 2013 ஆகஸ்ட் 20 காலையில் நடைப்பயிற்சிக்குப் போனவரைப் புனேயில் சுட்டுக் கொன்றார்கள். அவர் செத்த சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் முழுச் சட்டமானது. பேய் ஓட்டுகிறேன் என்று கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டுவது, சாட்டையால் அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கூரையில் தொங்கவிடுவது எல்லாம் அங்கே குற்றம். பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குப் போகவிடாமல் தடுத்து மந்திரிப்பதும் குற்றம். சாமி கும்பிடுவதை அந்தச் சட்டம் தொடவே இல்லை. கர்நாடகமும் 2017இல் இப்படி ஒரு சட்டம் இயற்றியது. பெரியார் பிறந்த மண் என்று மேடைக்கு மேடை பேசுகிற நமக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் வேண்டாமா? வேண்டும் என்று கேட்கத்தான் கையெழுத்துப் படிவம் வைத்திருக்கிறோம். மேடைக்கு இடப்பக்கம் மேசை இருக்கிறது. சட்டத்தோடு, நோயாளிகள் வந்து குவிகிற ஒவ்வொரு வழிபாட்டுத் தலத்திலும் வாரத்தில் சில நாளாவது அரசு மனநல மருத்துவர் உட்கார வேண்டும், மாத்திரை அங்கேயே கிடைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறோம்.

14416. இந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, இந்தக் கூட்டத்தில் இருக்கிற யாருக்காவது, வீட்டில் ஒருவரை அறையில் பூட்டிவைக்க நேர்ந்திருந்தால், கயிற்றில் கட்டிவைக்க நேர்ந்திருந்தால், மேடையில் கை தூக்கச் சொல்ல மாட்டேன். கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் தனியாகச் சொல்லுங்கள். உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், யாரிடமும் சொல்லவும் மாட்டேன். நாளைக் காலை 7 மணிக்குப் பேருந்து நிலையத்தில் நிற்பேன். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சீட்டு எழுதுகிற வரிசையில் நானும் உங்களோடு நிற்கிறேன். ஆதார் அட்டை இருந்தால் எடுத்துவாருங்கள், பழைய மருந்துச் சீட்டு இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள். சங்கிலி இருந்தால் இன்று இரவே அவிழ்த்துவிடுங்கள்.