அயலவர் முன் நாணம்



இயற்கையோடு உறவு கொள்ளுதல் என்றவுடன் நம்மிற் பலருக்கு மலைச்சாரலும் அருவியுமே நினைவுக்கு வருகின்றன. நகரவாசிக்கு அவ்வுறவு விடுமுறைநாட் செல்வம் என எண்ணிவிடுகிறோம். ஆயினும், இன்று யான் பேச எடுத்துக்கொண்ட இடம் ஒருகொடவத்தை. களனி கங்கைக்குத் தெற்கே, லொறிகளின் இரைச்சலும் கொள்கலன் முற்றங்களும் நிறைந்த கொழும்பின் ஓரம் அது. அங்கே இயற்கை ஏது என்று கேட்பீர்கள்.

பெருந்தெருவை விட்டுச் சற்றே விலகினால் கால்வாய்கள்; அவற்றுக்கு அப்பால் கொலன்னாவைச் சதுப்பு நிலம். நாணலும் கோரையும் மண்டிய அந்நிலத்தில் நாரையும் நீலத்தாழைக்கோழியும் இரை தேடுகின்றன. கொழும்பைச் சூழ்ந்த சதுப்புகளில் நீர்நாயும் மீன்பிடிப் பூனையும் இன்றும் வாழ்கின்றன. பெருமழை பெய்து, கங்கையும் பெருகி, நகரத்து நீர் வடிய வழியற்று நிற்கும்போது, அதனைத் தன் மடியில் ஏந்திப் பின்னர் மெல்ல மெல்ல விடுவது இச்சதுப்பே. கூலி கேளாது நம் வீட்டு வாசலைக் காக்கும் அயலவர் அன்றோ அது?

அந்த அயலவருக்கு நாம் செய்ததென்ன? மண்ணிட்டு நிரப்பினோம், கழிவைக் கொட்டினோம். 2016 மே மாதத்தில் கொலன்னாவைப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. மறு ஆண்டு ஏப்ரில் 14, புத்தாண்டு நாளன்று, தாழ்ந்த வயல்நிலத்தின்மீது எழுந்திருந்த மீதொட்டமுல்லக் குப்பைமேடு சரிந்து வீடுகளை மூடியது; 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். குப்பையை அனுப்பியது நகரம் முழுவதும். உயிரைக் கொடுத்தவர்களோ அதன் அடிவாரத்து ஏழைகள். நிலத்துக்கு இழைத்த தீங்கு மனிதனை வந்தடையும் வழி இதுவே.

நற்றிணையின் 172ஆம் பாட்டு இங்கு நினைக்கத்தக்கது. விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைக்க, சிறுமியர் அதைப் பாலும் நெய்யும் வார்த்து வளர்க்கின்றனர். அப்புன்னையை உங்கள் உடன்பிறந்தாள் என்கிறாள் தாய். வளர்ந்தபின் அம்மரத்தடியில் காதலனோடு நகைத்துப் பேச அவர்கள் நாணுகின்றனர். புலவர் மரத்தின் அழகைப் புகழ்வதோடு நிற்கவில்லை. அதன் முன்னிலையில் பிறக்கும் நாணத்தைப் பாடினார். உறவின் அடையாளம் அதுவே. தமக்கை பார்த்திருக்கத் தகாதது செய்யக் கை எழாது. கால்வாயில் பையை வீசும் கை கூசாதிருப்பது, அங்கே நம்மைப் பார்ப்பவர் எவருமில்லை என்று எண்ணுவதனாலேயே.

2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகரம் என்ற சிறப்பைப் பெற்றது. அவ்வாண்டு அச்சிறப்பை முதன்முதலாகப் பெற்ற 18 நகரங்களுள் அதுவும் ஒன்று. பட்டம் பெருமைக்குரியதே. ஆனால், பட்டத்தால் மட்டும் சதுப்பு பிழைக்காது. சட்டமும் காவலும் வேண்டும்; அவற்றோடு நாணமும் வேண்டும்.

அதற்குத் தொடக்கம் எளிது. பெயரறியாத அயலவரோடு உறவில்லை. வெள்ளவத்தையிலாயினும் கொட்டாஞ்சேனையிலாயினும், உங்கள் வீட்டு மழைநீர் எக்கால்வாய் வழியே எங்கே செல்கிறது என்று கேட்டறியுங்கள். அங்கே நிற்கும் பறவையின் பெயரைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். பெயர் சொல்லி அழைத்த ஒன்றின்மீது குப்பை எறிய அப்பிள்ளையின் கை கூசும். அக்கூச்சமே இயற்கையோடு நாம் கொள்ளும் உறவின் முதற்படி.