புல்லறிவு என்னும் சொல்



சொன்னதைக் கேளாத பிள்ளையை ‘டெகில்’ என்று கண்டிக்கும் குரலைப் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் கேட்கலாம். இம்மலாய்ச் சொல் பிடிவாதத்தைக் குறிக்கும். அறிவின் குறையைச் சுட்டாது. இரண்டையும் ஒருங்கே சுட்டும் தமிழ்ச்சொல், திருக்குறள் 85ஆம் அதிகாரத்தின் தலைப்பாகிய ‘புல்லறிவாண்மை’.

புன்செய், புன்னகை என்பவற்றில் அடையாக நிற்கும் ‘புன்மை’யே ‘புல்’ என்று இங்கு வந்து சிறுமையை உணர்த்துகிறது. ‘ஆண்மை’ என்பது ஆளுந்தன்மை. சிற்றறிவினனாய் இருந்தும் தன்னைப் பேரறிவினனாக மதித்து, உயர்ந்தோர் கூறும் உறுதிச்சொல்லை ஏலாமையே இது என்பது பரிமேலழகர் தரும் விளக்கம். இதற்கு முந்தைய 84ஆம் அதிகாரம் கூறும் ‘பேதைமை’ வேறு. பேதை அறியாதவன், புல்லறிவாளன் அறிவுறுத்தியும் ஏலாதவன்.

ஆகவே, தேர்வில் பிழையாக விடையெழுதிய மாணவனைப் புல்லறிவாளன் என்றல் பொருந்தாது. திருத்தம் கூறினால் அவன் கேட்பான். மாணவன் தக்க சான்றோடு ஐயம் எழுப்பும்போது, “நான் சொன்னதே சரி” என்று அவனை அமர்த்திவிடும் ஆசிரியருக்கே அச்சொல் பொருந்தும். இச்சொல்லைக் கற்பிக்கும்போது இவ்வேறுபாட்டையும் சேர்த்துக் கற்பியுங்கள்.