கப்பல் புறப்பட்டால் போதுமா?

(பெரணமல்லூர் நிவாரண ஆலோசனைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2025 மார்ச் 28, ரமலானின் கடைசி ஜும்ஆ. தொழுகை வேளையில் பர்மாவில் பூமி குலுங்கியது. மாந்தலே, சகாயிங் பகுதிகளில் பள்ளிவாசல்கள் தொழுதவர்கள் மீதே இடிந்து விழுந்தன. "துணியும் அரிசியும் திரட்டி அனுப்பலாமே" என்று நம் வாலிபர்கள் கேட்கிறார்கள். நல்ல உள்ளம். ஆனால் பட்டுச் சேலைக் கட்டு அனுப்பும் நீங்கள், எடுத்துக்கொள்ள ஆள் உண்டா என்று விசாரிக்காமல் லாரியில் ஏற்றுவீர்களா?

2009-ஐ நினைத்துப் பாருங்கள். ஈழத்தில் போர் முடிந்து, லட்சக்கணக்கான தமிழர்கள் முள்வேலி முகாம்களில் கிடந்தார்கள். ஐரோப்பாவாழ் தமிழர்கள் 884 டன் உணவு, மருந்து சேர்த்து, 'வணங்காமண்' என்று பெயர் சூட்டி 'கேப்டன் அலி' கப்பலில் அனுப்பினார்கள். ஜூன் மாதம் இலங்கைக் கடற்படை அதை மறித்துச் சோதித்துத் திருப்பி அனுப்பியது. கப்பல் சென்னைக்கு வெளியே வந்து நின்றது. கலைஞர் டெல்லியிடம் முறையிட்டார். டெல்லி கொழும்பிடம் பேசியது. சரக்கு வேறு கப்பலில் கொழும்பு போயிற்று. அங்கேயும் வரி, துறைமுகக் கட்டணம் என்று வாரக்கணக்கில் முடங்கியது. பசித்த பிள்ளைக்கு ரசீது புரியுமா?

பர்மாவும் அப்படித்தான். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தது. பிரான்ஸின் 'மிஸ்த்ரால்' கப்பல் 1000 டன் பொருளோடு காத்திருந்தும் ராணுவ ஆட்சி இறக்க விடவில்லை. தாய்லாந்தில் இறக்கிவிட்டுப் போனது. நமது ராணா, கிர்பான் கப்பல்கள் மட்டும் சில நாளில் ரங்கூன் சேர்ந்தன. டெல்லிக்கு அந்த ஆட்சியோடு உறவு இருந்தது. கொடுங்கோலரோடு கைகுலுக்குவதா என்று கேட்பீர்கள். எனக்கும் கசப்புதான். ஆனால் மருந்து இறங்கியதே!

உள்ளூரில் உதவியவர்கள் கதி? சர்கனார் என்ற நகைச்சுவை நடிகர் மக்களிடம் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். பிடித்து 59 ஆண்டு சிறை விதித்தார்கள். 2011-இல்தான் விடுதலை.

ஆகவே தோழர்களே, மூட்டை கட்ட வேண்டாம், பணமாகத் திரட்டுங்கள். ஏற்கெனவே அந்நாட்டுக்குள் அனுமதியோடு பணியாற்றும் நிறுவனத்தின் வழியே, நம் நாட்டுச் சட்டப்படி சேரட்டும். கணக்கை ஜமாஅத்தில் வையுங்கள். ஆனால் வாங்கியவர் படமோ, அங்கே விநியோகித்தவர் பெயரோ சுவரொட்டியில் வரக் கூடாது. நமக்கு அது விளம்பரம். அவருக்கு அது கைது வாரண்ட்.

ரசீதுப் புத்தகம் இதோ இருக்கிறது. இஷாவுக்குப் பிறகு கடைத்தெருவில் தொடங்கலாம்.