சொன்னவர் யார்?



காயல்பட்டினத்திலிருந்தோ கீழக்கரையிலிருந்தோ வேலை நிமித்தமாக டில்லிக்கு வந்து சேர்ந்த ஒரு தமிழ் முஸ்லிம், அங்குள்ள பள்ளிவாசல் ஒன்றில் தொழுகைக்கு நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். குனியும்போதும் நிமிரும்போதும் அவர் கைகளை உயர்த்துகிறார். பக்கத்தில் நிற்பவர் உயர்த்துவதில்லை. அவர் ‘ஆமீன்’ என்று குரல்விட்டுச் சொல்கிறார். மற்றவர் மெல்லத் தமக்குள் சொல்லிக்கொள்கிறார். மாலையில் அஸர் தொழுகைக்கு ஊரில் பாங்கு ஒலித்த வேளை வேறு, இங்கே ஒலிக்கும் வேளை வேறு. இறைவன் ஒருவன், மறை ஒன்று, நபி ஒருவர்; வழக்கம் மட்டும் இரண்டானது ஏன்?

தமிழகத்தின் கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழி பெருவழக்கு. வட இந்தியாவில் ஹனஃபி வழி. இரண்டுமே நபிகள் நாயகத்தின் நடைமுறையையே ஆதாரமாகக் காட்டுகின்றன. அப்படியானால், அவர் இன்னது செய்தார், இன்னது சொன்னார் என்று நமக்குச் சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்? இக்கேள்வியை முஸ்லிம் அறிஞர்கள் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். ஐரோப்பிய அறிஞர்கள் கலந்துகொண்ட பின் அது பெருவிவாதமாக வளர்ந்தது. அவ்விவாதத்தை இன்று சுருக்கமாகப் பார்ப்போம்.

முதலில் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வது நலம். மொழிபெயர்ப்பில் இவையெல்லாம் ‘சட்டம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைபட்டுப் போவதுண்டு. ‘ஷரீஅத்’ என்பது நீர்த்துறைக்குச் செல்லும் வழி. அது இறைவன் வகுத்தது என்பது நம்பிக்கை. ‘ஃபிக்ஹு’ என்பது அவ்வழியை மனிதர் புரிந்துகொண்ட விதம். ‘சுன்னத்’ என்பது நடந்து நடந்து பழகிய தடம். ‘ஹதீஸ்’ என்பது அத்தடத்தைப் பற்றி ஒருவர் கூறும் செய்தி.

ஹதீஸ் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. நபித்தோழர் அபூ கதாதா தொழுகைக்குமுன் உளூச் செய்வதற்காக, அவருடைய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைத்தார். ஒரு பூனை குடிக்க வந்தது. அபூ கதாதா பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார். மருமகள் வியப்புடன் பார்த்தபோது, பூனை அசுத்தமானதன்று, உங்களிடையே சுற்றித் திரிவது அது என்று நபிகள் சொல்லியிருப்பதாக அவர் விளக்கினார். கப்ஷாவிடமிருந்து ஹுமைதா என்ற பெண்மணி கேட்டார். அவரிடமிருந்து இஸ்ஹாக் கேட்டார். அவரிடமிருந்து 795-ல் மறைந்த மதீனா நகரத்து மாலிக் கேட்டுத் தமது ‘முவத்தா’ நூலில் சேர்த்தார். இப்பெயர்களின் வரிசைதான் ‘இஸ்னாத்’, அதாவது அறிவிப்பாளர் தொடர்.

நபிகள் மறைந்தது 632-ல். அதன்பின் கூஃபா, மதீனா, மக்கா போன்ற நகரங்களில் அவ்வவ்வூர் அறிஞர்கள் குர்ஆனையும், முன்னோர் நடைமுறையையும், தம் சொந்த ஆய்வையும் கொண்டு தீர்ப்புக் கூறினார்கள். கூஃபாவில் தலைசிறந்து விளங்கிய அபூ ஹனீஃபா 767-ல் மறைந்தார். அதே ஆண்டில் பிறந்தவர் ஷாஃபிஈ. ஊர் வழக்கம் எவ்வளவு பழையதாயினும், நம்பத்தக்க நபிமொழி ஒன்று எதிரே நிற்குமானால் வழக்கமே விலகவேண்டும் என்று அவர் வாதிட்டார். அவர் 820-ல் எகிப்தில் காலமானார். அடுத்த தலைமுறைகளில் புகாரி, முஸ்லிம் முதலானோர் நபிமொழிகளை ஆய்ந்து தொகுத்தார்கள்.

நபிகள் பெயரில் பொய்ச் செய்திகளும் வழங்கின என்பதை ஐரோப்பியர் வந்து எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. முஸ்லிம் அறிஞர்களே அத்தகைய செய்திகளைத் திரட்டித் தனி நூல்கள் எழுதி எச்சரித்தார்கள். அறிவிப்பாளர் ஒவ்வொருவரும் வாய்மையுள்ளவரா, நினைவாற்றல் உடையவரா, தம் ஆசிரியரை நேரில் சந்தித்தவரா என்று சோதித்தார்கள். அச்சோதனைக்கு உதவும் வாழ்க்கைக் குறிப்பு நூல்களுள் ஒன்று இப்னு ஹஜர் எழுதியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதனைப் பன்னிரண்டு பாகங்களாக அச்சிட்டு உலகுக்கு அளித்தது நம் நாட்டு ஹைதராபாத்தின் தாயிரத்துல் மஆரிஃப் நிறுவனமே.

1890-ல் ஹங்கேரிய அறிஞர் இக்னாஸ் கோல்ட்ஸிஹர் ஒரு புதுக் கருத்தை வெளியிட்டார். பல ஹதீஸ்கள் நபிகளின் காலத்தைக் காட்டுவதைவிட, பின்வந்த இரு நூற்றாண்டுகளின் அரசியல், சமயப் பூசல்களையே காட்டுகின்றன என்றார். 1950-ல் ஜோசப் ஷாக்ட் மேலும் ஒருபடி சென்றார். சட்டம் முதலில் ஊர் வழக்கமாக இருந்தது. பின்னர் தோழர்களின் பெயரை ஏற்றது. இறுதியில் நபிகளின் பெயரை ஏற்றது. ஆகவே இஸ்னாத் என்பது பின்னோக்கி வளர்ந்த தொடர் என்பது அவர் கொள்கை. அவருடைய சான்றுகளுள் முக்கியமானது மௌனம். ஒரு விவாதத்தில் கட்டாயம் எடுத்துக்காட்டியிருக்க வேண்டிய நபிமொழி அங்கே காணப்படவில்லையென்றால், அன்று அது இருந்திருக்கவில்லை என்று அவர் முடிவு கட்டினார்.

இதற்குப் பல திசைகளிலிருந்தும் மறுமொழி எழுந்தது. ஹைதராபாத்தில் பிறந்த முஹம்மது ஹமீதுல்லாஹ், நபித்தோழர் அபூ ஹுரைராவின் மாணவர் ஹம்மாம் எழுதிவைத்த 138 நபிமொழிகள் அடங்கிய ஏட்டை 1953-ல் பதிப்பித்தார். உத்தரப் பிரதேசத்தின் நெசவு நகரமான மவூவில் பிறந்த முஸ்தஃபா அஃஸமி, கேம்பிரிட்ஜில் ஆராய்ந்து 1968-ல் நூல் வெளியிட்டார். ஒரே செய்தியைப் பல நகரங்களில் சிதறி வாழ்ந்த பலர் அறிவிக்கும்போது, அவர்கள் அனைவரும் கூடிப் பேசிப் பொய் புனைந்தார்கள் என்பது எப்படிப் பொருந்தும் என்று கேட்டார்.

விவாதத்தின் போக்கை மாற்றிய நூலொன்றும் அதே மவூவிலிருந்து வந்தது. 827-ல் மறைந்த ஏமன் நாட்டு அறிஞர் அப்துர் ரஸ்ஸாக்கின் ‘முஸன்னஃப்’ என்னும் தொகுப்பை, மவூவில் வாழ்ந்த மௌலானா ஹபீபுர் ரஹ்மான் அஃஸமி சுவடிகளிலிருந்து ஒப்புநோக்கிச் சீர்செய்தார். அது 1970 முதல் 1972 வரை பதினொரு பாகங்களாக பெய்ரூத்தில் வெளிவந்தது. ஷாக்ட் தம் நூலை எழுதியபோது இப்பதிப்பு இல்லை.

இதை ஊன்றிப் படித்தவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் மோட்ஸ்கி. அதில் மக்காவின் இப்னு ஜுரைஜ் தம் ஆசிரியர் அதாவிடம் கேட்ட கேள்விகளும் பெற்ற விடைகளும் ஏராளமாக உள்ளன. விடைகளிற் பல அதாவின் சொந்த அபிப்பிராயங்கள். நபிகளின் பெயரோ தோழரின் பெயரோ சேர்க்கப்படாதவை. ஆசிரியர் தடுமாறிய இடங்களையும், கருத்தை மாற்றிக்கொண்ட இடங்களையும், தாம் நேரே கேளாமல் பிறர் வாயிலாக அறிந்தவற்றையும் மாணவர் மறைக்கவில்லை. பொய்ச்சரக்கு விற்பவன் தன் சரக்கின் குறையைத் தானே எழுதிவைப்பானா? ஆகையால் இச்செய்திகள் மெய்யானவை என்றும், ஷாக்ட் நினைத்ததைவிட முந்திய காலத்தை இவை நமக்குக் காட்டுகின்றன என்றும் 1991-ல் மோட்ஸ்கி எழுதினார்.

பூனையும் வழக்கிலிருந்து தப்பவில்லை. இதே செயல் நபிகளின் சொல் இல்லாமல் அபூ கதாதாவின் செயலாக மட்டும் வழங்குவதும் உண்டு. முவத்தாவே மாலிக்குக்குப் பிந்திய காலத்தில் உருவான நூல் என்று 1993-ல் வாதிட்ட நார்மன் கால்டர், இப்பூனைச் செய்தியையும் சான்றுகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டார். மோட்ஸ்கி 1998-ல் அதன் பாடபேதங்களையெல்லாம் திரட்டி, தொடரையும் வாசகத்தையும் ஒருங்கே ஒப்பிட்டு, மாலிக்கின் ஆசிரியர் காலத்திலேயே அது வழங்கியது என்று காட்டினார்.

இதனால் ஷாக்ட் முற்றும் தோற்றார் என்று சொல்லிவிட முடியாது. ஆதிகாலத்துச் சட்ட அறிஞர்கள் தம் சொந்த அறிவைக்கொண்டு நிறையவே தீர்ப்புக் கூறினார்கள் என்பதை முஸன்னஃபும் காட்டுகிறது. ஆனால், எல்லாம் பிற்காலப் புனைவு என்ற தீர்ப்பு நிலைக்கவில்லை. ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கவேண்டியிருக்கிறது.

இது பண்டிதர்களோடு நின்றுவிடும் விஷயமன்று. 2017-ல் உச்ச நீதிமன்றம் முத்தலாக் வழக்கை விசாரித்தபோது, குர்ஆனும் ஹதீஸும் அங்கே எடுத்தாளப்பட்டன. ஒரு குடும்பத்தின் வாழ்வும் தாழ்வும் ஒரு பழஞ்செய்தியின் உறுதியைப் பற்றி நிற்கக்கூடும். அத்தகைய இடத்தில் கண்மூடி ஏற்பதும் நியாயமன்று. கண்மூடித் தள்ளுவதும் நியாயமன்று.

டில்லிப் பள்ளிவாசலில் கைகளை உயர்த்தியவரிடமும் உயர்த்தாதவரிடமும் சாட்சிகள் உண்டு. அச்சாட்சிகளைப் பாதுகாத்த பெருமக்கள், தமக்குத் தெரிந்ததோடு தம் ஐயத்தையும் சேர்த்தே எழுதிவைத்தார்கள். அந்த ஐயந்தான் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்குப் பின் அவர்களுடைய வாய்மைக்குச் சாட்சியாக வந்து நின்றது. நாமும் ஒன்றைப் பிறருக்குச் சொல்லும்போது, கேட்டது எவரிடம், உறுதி எவ்வளவு என்பதைச் சேர்த்துச் சொல்லப் பழகுவோம்.