தனித்தொழில் புரிவோர்க்கு இடமும் இணக்கமும்
(புத்தூரில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கல்வி, கலியாணம், கட்டடம் என்னும் மூன்றைப் பற்றியே நம் கூட்டங்களிற் பேசுவது வழக்கம். இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் புதியதாயினும் அம்மூன்றோடும் தொடர்புடையதே. கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதும் தொழிலைக் கற்று, எந்தக் கம்பெனியிலும் உத்தியோகம் ஏற்காமல், தாமே வேலை பிடித்துத் தாமே செய்து ஜீவிக்கும் இளைஞரும் யுவதிகளும் நம் குடும்பங்களில் தோன்றியுள்ளனர். அவர்கள் அமர்ந்து வேலை செய்ய நல்ல இடமும், கலந்து பேச நல்ல துணையும் வேண்டும் என்பதே யாம் சொல்ல வந்தது.

வீட்டில் ஒரு மேசை இருந்தாற் போதாதா என்று சிலர் வினவலாம். போதாது. இத்தொழிலுக்கு முதல் பணமன்று. இடையறாத கவனமே முதல். ஒரு நீண்ட கணக்கை மனத்தில் ஏந்திக்கொண்டிருப்பவனை, "சும்மாதானே இருக்கிறாய், ரேஷன் கடைக்குப் போய் வா" என்று எழுப்பினால் அவன் இழப்பது அந்த அரைமணி மட்டுமன்று. மனத்திற் கட்டிய கோட்டை முழுதும் சரிகின்றது. மேலும், அமெரிக்க நியூயார்க்கில் காலை 9 மணியாகும்போது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. வேலை கொடுத்தவரோடு பேசவேண்டிய நேரத்தில் வீட்டில் டெலிவிஷன் அலறும். அடுப்படியில் குக்கர் கூவும். பகலில் வீட்டிலும் இரவில் விழிப்பிலும் இருக்கும் பிள்ளையை ஊரார் வேலையற்றவன் என்கின்றனர். பெண் கேட்கப் போன இடத்தில் "எந்த ஆபீஸ்?" என்ற ஒரு கேள்வியிலேயே பேச்சு முடிந்துவிடுகின்றது.

இவற்றினும் பெரிய துன்பம் தனிமை. மூன்று நாள் தேடியும் அகப்படாத பிழை, பக்கத்தில் இருப்பவன் கண்ணுக்குக் கால்மணியில் புலப்படும். இவ்வேலைக்கு என்ன கூலி கேட்கலாம், பணம் தராதவனிடம் எப்படிப் பேசலாம் என்பவற்றைச் சொல்வாரின்றிக் குறைந்த விலைக்கு உழைத்துச் சலிப்போர் பலர்.

இத்துன்பம் நம் நாட்டிற்குப் புதிதன்று. அண்டையிலுள்ள உறையூரின் பெயரை விளக்கிய நெசவுத் தொழிலைப் பாருங்கள். தறிக்குழியில் நெசவாளர் தனியே அமர்ந்து நெய்வர். ஆயினும் தெருவிலே பாவு நீட்டிக் கஞ்சி தோய்க்கும் வேளையில் ஒருவர்க்கொருவர் கை கொடுப்பர். தனித்தும் கூடியும் செய்வதே தொழிலின் இயல்பு.

இதனினும் பொருத்தமான உதாரணம் சிங்கப்பூரில் நகரத்தார் நடத்திய கிட்டங்கி. மார்க்கெட் தெருவில் நீண்ட கூடங்கள். சுவரோரமாக வரிசையாய்ச் சிறு மேசைகளும் அலமாரிகளும். தரையிலமர்ந்து கணக்கெழுதும் பல கடைக்காரர்கள். முதல் வேறு, கணக்கு வேறு, லாபநஷ்டம் வேறு. கூரையும் சமையலும் ஒன்று. புதிதாய்க் கப்பலேறி வந்த பையன் பக்கத்து மேசையைப் பார்த்தே தொழில் பழகினான். 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நகரச் சீரமைப்பினால் அக்கட்டடங்கள் மறைந்தன. அவற்றின் தத்துவம் மறையவில்லை.

அமெரிக்காவிலே சான் பிரான்சிஸ்கோவில் பிராட் நியூபெர்க் என்னும் புரோகிராமர், சுதந்தரமும் வேண்டும், துணையும் வேண்டும் என்று கருதி, 2005 ஆகஸ்டில் ஓரிடத்தை வாரத்திற்கு இரண்டு நாள் வாடகைக்கு எடுத்து மேசைகள் இட்டார். முதல் மாதம் ஒருவரும் வரவில்லை. அவர் கைவிடவில்லை, பின்னர் அம்முறை உலகெங்கும் பரவிற்று. நம் ராஜதானியாம் சென்னைக் கொளத்தூரிலும் 2024 நவம்பரில் முதல்வர் படைப்பகம் என்னும் பெயரில், தனித்தொழிலோர் அமரும் இடமும் மாணவர் பயிலும் இடமும் ஒரே கட்டடத்தில் அரசாங்கத்தாரால் திறக்கப்பெற்றன. நம் திருச்சிக்கு நவல்பட்டில் எல்காட் பூங்கா 2010 முதல் உண்டு; எனினும் அது பெரும்பாலும் கம்பெனிகளுக்கே பயன்படுவது. புத்தூரில் ஒற்றை ஆளுக்கு ஒரு நாற்காலி வேண்டுமென்பதே நம் கேள்வி.

அந்த நாற்காலி நம்மிடமே இருக்கின்றது. நம் சங்க மண்டபத்தின் மாடியறை முகூர்த்த நாள் நீங்கலாகப் பூட்டியே கிடக்கின்றது. பெரியாஸ்பத்திரிக்கும் பிஷப் ஹீபர் கல்லூரிக்கும் பஸ் வரும் ஊரில் வந்துபோதல் எளிது. வேண்டுவன சிலவே: முதுகு நோகாத 10 நாற்காலிகள்; வெவ்வேறு கம்பெனிகளின் 2 இண்டர்நெட் இணைப்புகள்; மின்சாரம் நின்றால் தாங்கும் இன்வர்ட்டர்; டெலிபோனிற் பேசக் கதவடைத்த சிற்றறை ஒன்று; பெண்கள் அச்சமின்றி வந்துபோக இரவு 10 மணிவரை விளக்கும் காவலும். முகூர்த்த நாட்களை முன்னரே எழுதி ஒட்டிவிட்டால் நாதஸ்வரத்தோடு சண்டையிராது. தர்மமாக அன்று, மாதக் கட்டணத்திற்கே கொடுக்கலாம். உழைப்பவர் இலவசம் கேட்பதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அனைவரும் கூடித் தாம் செய்ததைக் காட்டிப் பேசவேண்டும். இவ்வொன்று இல்லையேல் அது நாற்காலிக் கடையே, துணையாகாது.

இறுதியாக ஒன்று, இதிற்றான் அபிப்பிராய பேதம் எழக்கூடும். இவ்வறை நம்மவர்க்கு மட்டுமா? நம் முன்னோர் சந்தாப் பணத்தால் எழுந்த கட்டடமன்றோ என்று பெரியோர் கேட்பது நியாயமே. ஆயினும் எம் கருத்து, எல்லார்க்கும் திறக்கவேண்டும் என்பதே. புத்தூரில் இத்தொழில் செய்யும் நம்மவரை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூவர் அமர்ந்த அறையில் தனிமை தீராது. கிட்டங்கியில் ஒரே வகுப்பார் இருந்ததற்குக் காரணம், ஒரே தொழிலையும் ஒரே கடனொழுங்கையும் அவ்வகுப்பார் நடத்தியமை. இத்தொழிலோ அப்படிப்பட்டதன்று. 1991-இல் தொடங்கிய லினக்ஸ், முகமறியாத பல தேசத்தார் எழுதிச் சேர்த்தது. நம் பிள்ளைகள் அதன் மேல் நின்றே பிழைக்கின்றனர். பல சமூகத்தார் தம் பொருளால் எழுப்பிய பள்ளிகளில் இன்று எல்லாப் பிள்ளைகளும் பயில்கின்றனர். அதனால் எழுப்பியவர் பெயர் குறைந்ததா? வாயிலில் குலம் கேட்டால் வல்லவர் திரும்பிப் போவர். நம் பிள்ளை மறுபடியும் தனியனாவான்.

ஆதலின், ஓராண்டுக்குச் சோதனையாக இவ்வறையைத் திறக்கத் தீர்மானஞ் செய்யுமாறு நிர்வாக சபையாரை வேண்டுகின்றோம். முதல் மாதம் ஒருவரும் வராவிடினும் கதவை மூடிவிடற்க.