எடிட்டிங் மென்பொருளைப் புதுப்பிக்கலாமா?

(பொங்கல் விழாவுக்குப் பிறகு நடந்த உறுப்பினர் கூட்டத்தில், நம் நகரின் விழாக்களைப் படமெடுத்துத் தொகுத்துவரும் உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்.)



தண்ணீர் லாரி, பராமரிப்புக் கட்டணம், தெரு நாய்கள் என்று மூன்றையும் பேசி முடித்த களைப்பில் இருக்கிறீர்கள். சுண்டல் வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

இந்த ஆண்டு பொங்கல் விழா வீடியோ 23 நாள் தாமதமாக வந்தது. பலர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டீர்கள், சிலர் நடைப்பயிற்சியில் பிடித்துக் கேட்டீர்கள். பொருளாளர் அம்மா மட்டும், "சார், உங்க சாஃப்ட்வேர் ரொம்பப் பழசுன்னு சொன்னீங்களே, புதுசு வாங்கிக்கோங்க, சங்கம் கொடுக்கும்" என்றார். எட்டாயிரத்துச் சொச்சம் ஆகும். உடனே சரி என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் பணம் உங்களுடையது. அதனால் தாமதம் எங்கே வந்தது என்று முதலில் பார்த்தேன்.

விழாவை நான் ஒருவன் மட்டும் எடுப்பதில்லை. இந்த முறை 14 பேருடைய செல்போனிலிருந்து படம் வந்தது. அதில் பாதி வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். கோலத்தின் புள்ளிகளெல்லாம் மாவு கொட்டினாற்போல் ஆகிவிடும். எந்தப் புது மென்பொருளாலும் போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதே வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அப்படியே வரும். செலவு இல்லை.

அடுத்தது ஐபோன்காரர்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் வீடியோவை எச்இவிசி என்ற முறையில் சேமிக்கிறது. இடம் குறைவாகப் பிடிக்கும், நல்ல முறைதான். நான் வைத்திருப்பது 2014இல் வாங்கிய பதிப்பு. அதற்கு இது தெரியாது. சத்தம் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். போனின் செட்டிங்ஸில் கேமரா, ஃபார்மட்ஸ் என்று போய் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு எடுத்தால் பழைய மென்பொருளுக்கும் புரியும்.

குழந்தைகள் பாடிய பாட்டுதான் என்னை ஒரு வாரம் படுத்திவிட்டது. பாட்டு முடிந்த பிறகும் பிள்ளைகள் வாயசைத்துக்கொண்டே இருந்தார்கள். செல்போன் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரே எண்ணிக்கையில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் குறைத்துக்கொள்ளும், பிறகு கூட்டிக்கொள்ளும். பழைய மென்பொருள் எல்லா விநாடியும் ஒரே அளவு என்று நம்பி அடுக்குகிறது. ஒரு நிமிடத்தில் தெரியாது, ஐந்து நிமிடத்தில் உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு, விநாடிக்கு மாறாத எண்ணிக்கை என்று தேர்ந்தெடுத்து மாற்றியதும் சரியாகிவிட்டது. இது தெரிய எனக்கு ஏழு நாள் ஆனது. அந்த ஏழு நாளும் மென்பொருளைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, ஃபோர்-கே படங்கள் திக்கித் திக்கி ஓடின. அது கணினியின் வலு. புதுப் பதிப்பு போட்டால் அந்தக் கணினி இன்னும் மூச்சு வாங்கும்.

ஆசை இல்லாமல் இல்லை. புதிய பதிப்புகளில் எச்இவிசி நேராகத் திறக்கும். பெரிய படத்துக்குச் சிறிய நகல் ஒன்றை அதுவே செய்துகொண்டு வேலை பார்க்கும். ஜெனரேட்டர் இரைச்சலைக் குறைத்துக் கொடுக்கும். செயலாளர் உரையாற்றும்போதெல்லாம் மின்சாரம் போவது நமக்குப் பழகிவிட்டதால் இந்த வசதி முக்கியமானது.

ஆனாலும் என்னைத் தடுத்தது வேறொன்று. அதைச் சொல்லத்தான் உண்மையில் எழுந்தேன்.

போன நவம்பரில் இரண்டாம் குறுக்குத் தெருவிலிருந்து ஒரு சகோதரி வீட்டுக்கு வந்தார். அவருடைய தாயார் தவறி ஒரு மாதம் ஆகியிருந்தது. 2012 பொங்கல் விழாவில் அந்த அம்மா மேடையில் பேசினார்கள். 1986இல் இங்கே குடிவந்தபோது சுற்றிலும் வயல்தான், இரவில் தவளைச் சத்தத்தில் பிள்ளைகள் தூங்காது என்றெல்லாம் ஏழெட்டு நிமிடம் பேசினார்கள். நான் டிவிடியில் நாற்பது விநாடிதான் வைத்திருந்தேன். "முழுசும் உங்ககிட்ட இருக்குமே அண்ணா" என்றார்.

இருக்கும் என்றுதான் நானும் சொன்னேன். 2014இல் புதுக் கணினியும் புதுப் பதிப்பும் வாங்கியபோது, பழைய ப்ராஜெக்ட் கோப்புகளை எல்லாம் பத்திரமாகப் பென்டிரைவில் மாற்றினேன். பெயர் போட்டு, ஆண்டு போட்டு வைத்தேன். பழைய கணினியைப் பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டேன். டேப்பில் அடுத்த ஆண்டு பிள்ளையார் கோயில் கும்பாபிஷேகத்தைப் பதிந்துவிட்டேன்.

ப்ராஜெக்ட் கோப்பில் படம் இல்லை. எந்தப் படத்தை எங்கே வெட்டி எங்கே ஒட்டவேண்டும் என்ற குறிப்பு மட்டுமே அதில் இருக்கிறது. சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு காய்கறியை எறிந்தவன் நான். மினிடிவி டேப் ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி பிடிக்கும். அன்றைக்கு அது பெரிய இடம், அதனால்தான் படங்களை மாற்றவில்லை. குறிப்பு சில நூறு கேபிதான், அதை மாற்றினேன். புதுப் பதிப்பில் திறந்தால் வரிசையாகச் சிவப்புக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் கோப்பைக் காணவில்லை என்ற வாசகம். மென்பொருள்மேல் பழி போட முடியாது. அது சரியாகத்தான் சொன்னது.

அந்த நாற்பது விநாடியைக் கொடுத்தேன். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை கோபித்துக்கொண்டிருக்கலாம்.

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2011இல் ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் வெளியிட்டபோது, முந்தைய ஃபைனல் கட்டில் செய்த ப்ராஜெக்டுகளை அதில் திறக்க முடியவில்லை. தொழில்முறைத் தொகுப்பாளர்களே கொதித்தார்கள். நம்மில் பலர் பயன்படுத்திய விண்டோஸ் மூவி மேக்கருக்கு 2017 ஜனவரி 10உடன் ஆதரவு நின்றது. அடோபி பிரீமியர் எலிமெண்ட்ஸ் 2025 பதிப்பிலிருந்து மூன்று ஆண்டு உரிமமாகத்தான் விற்கப்படுகிறது. அதாவது இப்போது வாங்கினாலும் மூன்று ஆண்டில் இதே மேடையில் இதே பேச்சு. ஒவ்வொரு முறை தாண்டும்போதும் பழைய வேலையில் ஏதோ ஒன்று வழியில் விழுந்துவிடுகிறது.

என் கணினியில் இப்போது திறக்கக்கூடிய ப்ராஜெக்டுகள் 11 இருக்கின்றன. அதில் ஒன்று 2015 டிசம்பர் வெள்ளம். மொட்டை மாடியிலிருந்தும் படகிலிருந்தும் எடுத்தது, மூன்று மணி நேரம். மழைநீர் வடிகாலுக்காக அதிகாரிகளைப் பார்க்கப் போனபோது, தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காட்டியது அந்தப் படம்தான். இதையும் தொலைத்துவிட்டு உங்கள் முன் நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே இப்போதைக்குப் புதுப் பதிப்பு வாங்கவில்லை. 11 ப்ராஜெக்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து, நல்ல தரத்தில் முழுப் படமாக வெளியெடுத்துக்கொண்டிருக்கிறேன். வெட்டிய பகுதிகளையும், மூலப் படங்களையும் சேர்த்தே வைக்கிறேன். இதுவரை நான்கு முடிந்தன. விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14உடன் ஆதரவு முடிந்துவிட்டது, என் கணினி 11ஐ ஏற்காது. அதனால் அதை இணையத்திலிருந்து கழற்றிவிட்டேன். பழைய மென்பொருளை நீக்கவும் மாட்டேன். நீக்கிவிட்டு மறுபடி நிறுவும்போது நிறுவனத்தின் சர்வர் சம்மதம் கொடுத்தால்தான் திறக்கும். பத்தாண்டுக்கு முந்தைய சரக்குக்கு அந்த சர்வர் இன்னும் விழித்திருக்கும் என்று நம்பி இறங்க முடியாது.

புது வேலைகளை மருமகளின் லேப்டாப்பில் கேடென்லைவ் என்ற இலவச மென்பொருளில் தொடங்கியிருக்கிறேன். டாவின்ச்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு இன்னும் வல்லது, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு கேட்கும். வீட்டில் இளைஞர்கள் யாராவது அதில் தேர்ந்தவர்களாக இருந்தால் என்னிடம் வரட்டும், நான் சந்தோஷமாக ஒதுங்கிக்கொள்வேன்.

உங்களில் யாராவது வாங்க நினைத்தால் ஒன்று செய்யுங்கள். சோதனைப் பதிப்பை இறக்கி, முதல் வேலையாக 'பொங்கல் திருநாள்' என்று தமிழில் தலைப்பு அடித்துப் பாருங்கள். சில மென்பொருள்களில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய் நிற்கும். இதற்குப் பயந்துதான் நான் முன்பெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தேன். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வரவேற்புரை முழுக்க ஆங்கில எழுத்துகளாக உளறும். உங்கள் போனில் எடுத்த ஐந்து நிமிடப் படம் ஒன்றையும் போட்டுக் கடைசிவரை உதடு சேர்கிறதா என்று பாருங்கள். பிறகு பணம் கட்டலாம்.

பொருளாளர் அம்மாவிடம் ஒரு வேண்டுகோள். அந்த எட்டாயிரத்தில் சங்கத்துக்கு ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கித் தாருங்கள். இன்னொன்றை நான் வாங்குகிறேன். ஒன்று என் வீட்டில், ஒன்று சங்க அலுவலகத்தில். ஆனால் தரைத்தளத்து பீரோவில் வேண்டாம். 2015இல் அந்த பீரோவில் தண்ணீர் இரண்டாம் தட்டுவரை வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மாடி அறையில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொதுக்குழு அன்று, இரண்டையும் சொருகித் திறந்து பார்த்துவிடலாம்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். 2012 பொங்கலன்று மேடைக்கு முன்னால் கேமராவுடன் நின்றவர்கள் குறைந்தது மூன்று பேர் எனக்கு நினைவிருக்கிறது. யார் என்று முகம் நினைவில்லை. பழைய மெமரி கார்டு, டேப், சிடி எது இருந்தாலும், ஓடுமா ஓடாதா என்று நீங்கள் பார்க்க வேண்டாம், அப்படியே கொண்டுவந்து கொடுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

சுண்டல் வந்துவிட்டது.